நோட்டில் 1898 என்று இருக்கிறது, சரி. அச்சடித்தது எப்போது?

போன வாரம் ஒரு தம்பி போட்டோ அனுப்பினான். ரஷ்யாவில் ஜார் மன்னர்கள் காலத்து ஒரு ரூபிள் நோட்டு. "1898 அண்ணா! பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சரக்கு!" கையெழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஷிபோவ், ஜார் ஆட்சியின் கடைசி அரசு வங்கித் தலைவர். இருபது வருடத்துக்கு முன்னால் நான் விழுந்த அதே குழி. கள்ளநோட்டு பார்த்து வாங்கு, ஈரத்தில் வைக்காதே என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். அதை விட்டுவிட்டு, நான் காசு கொடுத்துக் கற்றவற்றைச் சொல்கிறேன்.

ஆண்டை நம்பி விலை கொடுப்பது

பீட்டர்ஸ்பர்க்கில் படித்துக்கொண்டிருந்தேன். பழஞ்சாமான் சந்தையில் ஒரு பெரியவர் பிஸ்கட் டப்பாவில் நோட்டுகளை அடுக்கி வைத்திருந்தார். 1898 என்ற எண்ணைப் பார்த்ததும் கை பரபரத்தது. ஒன்றல்ல, பத்து வாங்கினேன். அந்த மாதச் சாப்பாட்டுக் காசு அதோடு சரி. பெரியவர் பொய் ஒன்றும் சொல்லவில்லை. என்ன ஆண்டு என்று கேட்டேன், நோட்டில் இருந்ததைப் படித்துச் சொன்னார். எப்போது அச்சானது என்று நான்தான் கேட்கவில்லை.

அந்த ஆண்டு, நோட்டின் மாதிரிக்கு, அதாவது வடிவமைப்புக்கு, உரியது. 1898 மாதிரி ஒரு ரூபிள், 1909 மாதிரி ஐந்து ரூபிள், 1910 மாதிரி நூறு ரூபிள் என எல்லாமே அதே ஆண்டைச் சுமந்தபடி வருடக்கணக்கில் அச்சாகிக்கொண்டே இருந்தன. காலத்தைக் காட்டிக்கொடுப்பது அரசு வங்கித் தலைவரின் கையெழுத்து. ஒரு ரூபிளில் பிளெஸ்கே என்றிருந்தால் 1903க்குள் அடங்கும். அடுத்து திமாஷெவ், 1909 வரை. அப்புறம் கோன்ஷின். கடைசியாக 1914இல் வங்கித் தலைமைக்கு வந்த ஷிபோவ். கிறுக்கல்தான், ஆனால் நான்கே நான்கு கிறுக்கல். ஒரு மாலை உட்கார்ந்தால் கண்ணுக்குப் பழகிவிடும். பிளெஸ்கே அபூர்வம், ஷிபோவ் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும்.

அதோடு முடியவில்லை. ஷிபோவிலேயே இரண்டு வகை உண்டு. முதல் வகையில் எழுத்துகளுக்குப் பின் ஆறு இலக்க எண், ஒவ்வொரு நோட்டுக்கும் தனித்தனியாக. முதல் உலகப் போர் வந்து பணத்தை அவசர அவசரமாக அச்சடிக்க வேண்டியதானபோது, ஒரு ரூபிளிலும் ஐந்து ரூபிளிலும் தனி எண்ணைக் கைவிட்டார்கள். இரண்டு எழுத்து, பக்கத்தில் மூன்று இலக்கம் வரை ஒரு தொடர் எண், அவ்வளவுதான். ஒரே எண்ணில் எக்கச்சக்கமான நோட்டுகள். (ஒரே எண்ணில் இரண்டு நோட்டு கிடைத்ததும் "போலி" என்று ஒன்றைக் கிழித்துப் போட்ட ஒருவரை எனக்குத் தெரியும். இரண்டுமே அசல்.) இந்தக் குறுகிய எண் நோட்டுகளை 1917இல் ஜார் பதவி இழந்த பிறகு இடைக்கால அரசும் அச்சடித்தது, அதன்பின் ஆட்சியைப் பிடித்த லெனினின் போல்ஷெவிக்குகளும் அச்சடித்தார்கள். எந்த எண் யாருடைய காலம் என்று நல்ல கேட்லாக்குகளில் பிரித்துப் போட்டிருப்பார்கள்.

என் பத்தில் பத்தும் குறுகிய எண். சிலது லெனின் ஆட்சியில் பிறந்தவை. ஒரு ரூபிளுக்கு 17.424 தோல்யா (பழைய ரஷ்ய எடை அளவு) சுத்தத் தங்கம் என்று நோட்டிலேயே அச்சிட்டிருக்கிறது. தங்கமாக மாற்றித் தருவதை 1914இலேயே நிறுத்திவிட்டார்கள். அதைவிட வேடிக்கை ஷிபோவ் கதை. போல்ஷெவிக்குகள் வங்கிப் பணத்தைக் கேட்டபோது தர மறுத்து, 1917 நவம்பரில் வேலையை இழந்தவர் அவர். வெளியே தள்ளியவர்களே அவர் கையெழுத்தைப் போட்டு நோட்டடித்துக்கொண்டிருந்தார்கள்! வரலாறாகப் பார்த்தால் அருமையான நோட்டு. நான் கொடுத்த விலைக்குத்தான் அது அருமையில்லை. "ஜார் காலம், 1898" என்று மட்டும் எழுதி, கையெழுத்துப் பக்கத்தை மங்கலாகப் படம் போட்டு விற்பவர்களைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

கழுகைக் கண்டதும் ஜார் என்று முடிவுகட்டுவது

இரட்டைத் தலைக் கழுகுக்குக் கிரீடம் இருக்கிறதா என்று பாருங்கள். 1917இன் 250, 1000 ரூபிள் நோட்டுகளில் இருக்காது. அவை இடைக்கால அரசின் நோட்டுகள்.

கேரென்கி

இடைக்கால அரசின் தலைவர் கேரென்ஸ்கியின் பெயரால் அழைக்கப்பட்ட 20, 40 ரூபிள் சின்னத் தாள். ஆண்டும் இல்லை, கையெழுத்தும் இல்லை. இதுவும் ஜார் பணம் இல்லை.

தபால்தலைக் காசை ஒட்டி வைப்பது

போரில் மக்கள் வெள்ளிச் சில்லறையைப் பதுக்கியதால், 1915இல் ரோமானோவ் அரச வம்சத்தின் முந்நூறாம் ஆண்டுத் தபால்தலைகளையே தடித்த அட்டையில் அச்சடித்துச் சில்லறையாக விட்டார்கள். 10 கோபெக்கில் (நூறு கோபெக் ஒரு ரூபிள்) இரண்டாம் நிக்கோலஸ், 15இல் முதலாம் நிக்கோலஸ், 20இல் முதலாம் அலெக்சாண்டர். வெள்ளிச் சில்லறைக்குச் சமமாகச் செல்லும் என்ற வாசகம் பின்பக்கத்தில் இருக்கிறது. தபால்தலை ஆல்பத்தில் பசை போட்டு ஒட்டினால் போவது அந்த வாசகம்தான். அது இல்லாமல் இதைப் பணம் என்று எப்படிக் காட்டுவீர்கள்?

கேத்தரினை மடிப்பது

1910 மாதிரி நூறு ரூபிள், பேரரசி கேத்தரின் படம் போட்டது, ஏறக்குறைய 26 செ.மீ. நீளம். சாதாரண உறையில் அடங்காது. அடங்காததால் நடுவில் ஒரு மடிப்பு போட்டு வைக்கிறார்கள், நூறு வருடம் மடிக்காமல் வந்த நோட்டாக இருந்தாலும். முதலில் உறையை வாங்குங்கள், பிறகு நோட்டை. பிவிசி உறை வேண்டாம், நாளாக ஆகப் பிசுபிசுத்து நோட்டில் ஒட்டிக்கொள்ளும். மைலார் என்ற பாலியெஸ்டர் உறை கேளுங்கள்.

இஸ்திரி போடுவது

போடாதீர்கள்.