பிள்ளைக்குத் தொலைநோக்கியா? முதலில் மடக்கிப் பாருங்கள்

ஹோட்டன் சமவெளியில் மரை பார்க்கப் பிள்ளைக்குத் தொலைநோக்கி வாங்குவதாக இருந்தால், கடையிலேயே அதன் இரு குழல்களையும் முடிந்தவரை நெருக்கி மடக்கி, பிள்ளையின் கண்ணில் வைத்துப் பாருங்கள். ஒரே வட்டமாகத் தெரிந்தால் வாங்கலாம். இரண்டு வட்டமோ ஓரத்தில் கறுப்புப் பிறையோ தெரிந்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வைத்துவிடுங்கள்.

பெரியவர்களுக்கான பல தொலைநோக்கிகள் 56 மில்லிமீற்றருக்குக் கீழே நெருங்குவதில்லை. சிறு பிள்ளைகளின் கண்மணிகளுக்கு இடையிலான தூரமோ பெரும்பாலும் அதைவிடக் குறைவு. அளவில் 8×32 போதும்: 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 32 என்பது முன்பக்க வில்லையின் விட்டம் மில்லிமீற்றரில். 32ஐ 8ஆல் வகுத்தால் வரும் 4 மில்லிமீற்றர்தான் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம். 8×21 என்ற குட்டி வகையில் அது 2.6தான், சமவெளியின் பட்டிப்பொல வாசலைத் தாண்டும் விடிகாலைப் பனிமூட்டத்தில் மரையும் புல்மேடும் ஒரே சாம்பலாகத் தெரியும். 10 மடங்கு என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். குளிரில் நடுங்கும் சின்னக் கையில் அந்த நடுக்கமும் சேர்ந்தல்லவா பெரிதாகும்!

மூக்குக்கண்ணாடி அணியும் பிள்ளைக்கு இந்தச் சோதனை மட்டும் போதாது: கண் வைக்கும் இடத்து இறப்பர் வளையத்தை மடித்துவிட்டு, கண்ணாடியோடு முழு வட்டமும் தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். பதின்ம வயதினருக்குப் பெரும்பாலும் பெரியவர்களின் அளவே பொருந்தும்.