வீட்டுல ஒரு ரேடியோ செட் இருக்கட்டும்: எதை வாங்குறது, எப்படி ஸ்டேஷன் புடிக்கிறது

2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்போ நாங்க பட்டுக்கோட்டை பக்கம் இருந்தோம், கரண்ட் போய் நாள் கணக்கா வரவே இல்ல, செல்போன் டவரெல்லாம் செத்துப் போச்சு, டிவி சும்மா பொட்டி மாதிரி நிக்குது. அப்பா பரண்ல கிடந்த பழைய பேட்டரி ரேடியோவ இறக்கி, டார்ச்ல இருந்த செல்லைக் கழட்டிப் போட்டு, திருச்சி ஆகாசவாணி வர்ற 936ஐ வச்சாரு. செய்தி வாசிக்கிற குரல் வந்ததும் பக்கத்து வீட்டு ஆளுங்கெல்லாம் எங்க திண்ணையில வந்து உக்காந்துட்டாங்க. அதுக்கப்புறம் ரேடியோவ பத்தி யாராவது "அதெல்லாம் போன்லயே வருதே"ன்னு சொன்னா எனக்கு மனசு கேக்கறதில்ல, அதான் இத எழுதுறேன்.

முதல்ல சாட்டிலைட் ரேடியோ. வேர்ல்ட்ஸ்பேஸ்னு ஒரு கம்பெனி ஞாபகம் இருக்கா? 2000ல ஏஷியாஸ்டார் சாட்டிலைட் மேல போச்சு, சின்ன தட்டு மாதிரி ஆன்டெனாவ கிழக்கால வானம் தெரியிற ஜன்னல்ல வச்சா கர்நாடக சங்கீதத்துக்குன்னே ஸ்ருதின்னு ஒரு சேனல், தமிழுக்கு கேஎல் ரேடியோ, சத்தம் அவ்ளோ சுத்தமா இருக்கும். கம்பெனி திவால் ஆச்சு, 2009 டிசம்பர் 31ஓட இந்தியாவுல சர்வீஸ் நின்னுச்சு, காசு குடுத்து வாங்குன செட் எல்லாம் அதுக்கப்புறம் எதுக்கும் ஆகல. அதனால ஒரே கம்பெனிய நம்பி மட்டும் ஓடுற செட்டுக்கு பெருசா காசு போடாதீங்க. இப்போ சாட்டிலைட் வழியா ரேடியோ வேணும்னா டிடி ஃப்ரீ டிஷ் போதும், மாசக் கட்டணம் கிடையாது, ஆகாசவாணி ஸ்டேஷன்கள் நெறைய அதுலயே இருக்கு, ரிமோட்ல ரேடியோ லிஸ்ட்டுக்கு போய் தேடிப் பாருங்க. ஆனா பெருமழையில சிக்னல் போயிடும், கரண்டும் வேணும், புயலுக்கு இது ஆகாது.

புயலுக்கு ஆகுறது மீடியம் வேவ், அதாவது எஃப்எம்ம விட ரொம்ப தூரம் எட்டுற அலைவரிசை, இருக்கிற பேட்டரி செட்தான். வாங்கும்போது எஃப்எம் மட்டும் இருக்கா, மீடியம் வேவுக்கான எம்டபிள்யூவும் இருக்கான்னு டயல பாத்து வாங்குங்க, கடைக்காரர் "எல்லாம் வரும்ணே"ன்னுதான் சொல்வாரு. கரண்ட்ல மட்டும் ஓடுறது வேணாம், கடையில சாதாரணமா கிடைக்கிற செல் போடுற மாடல்தான் நல்லது.

மீடியம் வேவ் புடிக்கிறதுல நெறைய பேர் பண்ற தப்பு, மேல இருக்கிற கம்பிய இழுத்து இழுத்து பாக்குறது. அந்த கம்பி எஃப்எம்முக்கு, மீடியம் வேவுக்கு உள்ள ஒரு கருப்பு ஃபெரைட் கட்டை இருக்கு, அதுல சுத்துன காயில்தான் ஆன்டெனா. அதனால கம்பிய விட்டுட்டு செட்டையே திருப்புங்க: ரேடியோவோட முகமோ முதுகோ ஸ்டேஷன் இருக்கிற திசைய பாக்கணும், எங்க ஊருக்கு திருச்சி மேற்கால, அதனால அப்பா செட்ட மேற்கு ஜன்னல்ல வைப்பாரு. இன்னும் "டர்ர்ர்"னு இரைச்சல் வந்தா எல்இடி பல்ப், போன் சார்ஜர், இன்வெர்ட்டர் ஒவ்வொண்ணா அணைச்சு பாருங்க, எங்க வீட்டுல அடுப்படி பல்ப் ஒண்ணுதான் காரணமா இருந்துச்சு, அத மாத்துனதும் அம்மாவுக்கு காலையில பக்திப் பாட்டு தெளிவா வந்துச்சு.

பொழுது சாஞ்சதும் இன்னொரு தடவ டயல மெதுவா ஓட்டுங்க. பகல்ல அலைய முழுங்குற கீழ் வானத்து அடுக்கு ராத்திரியில கலைஞ்சு போறதால மேல போன அலை திரும்பி பூமிக்கு வரும், தூரத்து ஸ்டேஷனெல்லாம் அப்பதான் கேக்கும். கேட்ட ஸ்டேஷன் நம்பரையும் நேரத்தையும் ஒரு நோட்டுல எழுதிக்கோங்க. ஆகாசவாணி மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர்கள ஒண்ணொண்ணா நிறுத்திட்டு எஃப்எம்முக்கு போய்க்கிட்டு இருக்காங்க, கரண்ட் செலவு அதிகம்ங்கிறது ஒரு காரணம், எனக்கு அது பெரிய வருத்தம், ஏன்னா ஒரு மீடியம் வேவ் ஸ்டேஷன் பல மாவட்டத்துக்கு எட்டும், எஃப்எம்முக்கு டவர் கண்ணுக்கு எட்டுற தூரம் வரைக்கும்தான். கொடைக்கானல் 100.5 மட்டும் மலை உச்சியில இருக்கிறதால அவ்ளோ ஊருக்கு கேக்குது.

இன்னொண்ணு, தனியார் எஃப்எம் சொந்தமா செய்தி போடக்கூடாதுன்னு விதி, ஆகாசவாணி செய்திய அப்படியே ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். அதனால உங்க ஊருக்கு கேக்குற ஆகாசவாணி எஃப்எம் எண்ண கட்டாயம் தெரிஞ்சு வைங்க. போன்ல எஃப்எம் இருந்தா வயர் இயர்போன் சொருகுங்க, அந்த வயர்தான் ஆன்டெனா, நெட்டே வேணாம்.

டிஜிட்டல் ரேடியோ செட்டுக்கு இப்பவே அவசரப்படாதீங்க. நார்வேயில 2017ல தேசிய ஸ்டேஷன்கள எஃப்எம்ல இருந்து டிஜிட்டலுக்கு மாத்துனாங்க, பழைய செட்ல அதெல்லாம் வராம போச்சு. இங்க டிஆர்எம்ங்கிற டிஜிட்டல் முறைய ஆகாசவாணி மீடியம் வேவ்ல கொண்டு வந்திருக்கு, சில கார்கள்ல அந்த வசதி இருக்கு, உங்க கார்ல இருந்தா போட்டு கேளுங்க, தனி செட் விலை இன்னும் கட்டுப்படியாகல.

கடைசியா ஒண்ணு, செல்ல உள்ளயே விட்டு பரண்ல போடாதீங்க, ஒழுகி ஸ்பிரிங்க அரிச்சிடும். செல்ல தனியா கவர்ல போட்டு செட்டோட ரப்பர் பேண்ட் போட்டு வைங்க, ஸ்டேஷன் எண்ணெல்லாம் எழுதுன சீட்ட செட்டுக்கு பின்னாடி ஒட்டிடுங்க, ஐப்பசி பொறந்ததும் ஒரு தடவ இறக்கி போட்டு பாருங்க.