பாக்ஸ் ஸ்கோர் படிக்கப் பழகலாம்: 1956இன் ஓர் ஆட்டத்தை வைத்து

கிரிக்கெட் ஸ்கோர்கார்டு படிப்பவர்களுக்கு பேஸ்பாலின் பாக்ஸ் ஸ்கோர், அதாவது ஓர் ஆட்டத்தின் கணக்கைச் சுருக்கித் தரும் பட்டியல், அவ்வளவு அந்நியம் இல்லை. அதை வளர்த்தெடுத்த ஹென்றி சாட்விக்கே இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவில் கிரிக்கெட் செய்தி எழுதியவர்தான்.

பழக நான் எடுத்துக்கொள்வது 1956 அக்டோபர் 8 அன்று நியூயார்க் அணியின் சொந்த மைதானமான யாங்கி ஸ்டேடியத்தில் நடந்த உலகத் தொடரின் (அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடர்) 5ஆவது ஆட்டம். எண்கள் சின்னவை, கூட்டிப் பார்க்க வசதி.

முதலில் மேலே இருக்கும் இரண்டு வரிகள்:

புரூக்ளின் 000 000 000 – 0 0 0
நியூயார்க் 000 101 00எக்ஸ் – 2 5 0

இடப்பக்கம் ஒன்பது இன்னிங்ஸின் ரன்கள். வலப்பக்கம் மூன்று எண்கள்: ரன், ஹிட் (பந்தை அடித்துவிட்டு அவுட் ஆகாமல் பேஸை, அதாவது ஓடிச் சேர வேண்டிய இடத்தை, அடைவது), பிழை (ஃபீல்டிங் தவறு). சொந்த மைதானத்து அணி இரண்டாவதாக ஆடும். ஏற்கெனவே முன்னிலையில் இருந்தால் கடைசிப் பாதியை ஆட வேண்டியதில்லை. அதற்குத்தான் அந்த எக்ஸ்.

அடுத்து பேட்டிங் பட்டியல். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஏபி (கணக்கில் சேரும் பேட்டிங் முறைகள்), ஆர் (ரன்), எச் (ஹிட்), ஆர்பிஐ (அவர் ஆட்டத்தால் அணிக்கு வந்த ரன்கள்). மிக்கி மேன்டில்: 3 1 1 1. நான்காவது இன்னிங்ஸில் ஹோம் ரன் (எல்லா பேஸையும் சுற்றி வரவைக்கும் அடி, நம் சிக்ஸர் மாதிரி) அடித்தார். அந்த ஒரே அடி ரன், ஹிட், ஆர்பிஐ மூன்றிலும் ஏறிவிட்டது. ஈனாஸ் ஸ்லாட்டருக்கு ஏபி 2தான். மூன்று முறை ஆட வந்தார், ஆனால் ஒரு முறை வாக் கிடைத்தது. வாக்கும் (நான்கு தவறான பந்துகளால் சும்மா கிடைக்கும் முதல் பேஸ்) சாக்ரிஃபைஸும் (தான் அவுட் ஆகி, பேஸில் நிற்பவரை முன்னேற்றும் அடி) ஏபியில் சேராது. புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

பிறகு பந்துவீச்சு. நியூயார்க்கின் டான் லார்சன்: 9 இன்னிங்ஸ், 0 ஹிட், 0 ரன், 0 வாக், 7 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் விழுந்து அவுட் ஆவது). எதிரணியில் சால் மேக்லி: 8 இன்னிங்ஸ், 5 ஹிட், 2 ரன், 2 வாக், 5 ஸ்ட்ரைக் அவுட். அவரும் நன்றாகத்தான் வீசினார், பாவம். வேறு ஆட்டங்களில் இன்னிங்ஸ் 5.1 என்று இருந்தால் ஐந்து இன்னிங்ஸும் ஓர் அவுட்டும் என்று பொருள். நம் 5.1 ஓவர் கணக்குப் போலத்தான், ஆனால் ஓர் இன்னிங்ஸுக்கு மூன்றே அவுட் என்பதால் 5.2க்கு அடுத்தது 6.

சரி, இப்போது எனக்குப் பிடித்த வேலை: கணக்குச் சரிபார்ப்பது. பேட் செய்ய வந்த ஒவ்வொருவரும் ரன் எடுத்திருக்க வேண்டும், அவுட் ஆகியிருக்க வேண்டும், அல்லது இன்னிங்ஸ் முடியும்போது பேஸிலேயே நின்றிருக்க வேண்டும். நான்காவது வழி இல்லை. நியூயார்க்கைப் பாருங்கள்: ஏபி 26, வாக் 2, சாக்ரிஃபைஸ் 1, ஆக 29. மறுபக்கம் ரன் 2, பேஸில் நின்றவர்கள் 3, எட்டு இன்னிங்ஸில் அவுட் 24. அதுவும் 29. புரூக்ளினுக்கு இன்னும் சுலபம்: வந்தவர்கள் 27, அவுட் 27. முதல் பேஸை ஒருவர்கூடத் தொடவில்லை. உலகத் தொடரில் இதுவரை வீசப்பட்ட ஒரே பெர்ஃபெக்ட் கேம் இது.

பட்டியலுக்குக் கீழே உள்ள பொடி எழுத்தையும் விடாதீர்கள். டேல் மிட்செல் பெயருக்கு முன்னால் ஒரு சிறு குறி இருக்கும். கீழே போனால், ஒன்பதாவது இன்னிங்ஸில் மேக்லிக்குப் பதிலாக ஆட வந்து, மூன்றாவது ஸ்ட்ரைக்கில் மட்டையை வீசாமலே அவுட் ஆனார் என்று தெரியும். ஆட்டத்தின் கடைசி அவுட் அது.

ஆனால் பாக்ஸ் ஸ்கோரில் எல்லாமே வந்துவிடாது. ஜாக்கி ராபின்சன் வரியில் 3 0 0 0 என்றுதான் இருக்கும். இரண்டாவது இன்னிங்ஸில் அவர் ஓங்கி அடித்த பந்து மூன்றாவது பேஸில் நின்ற ஆண்டி கேரியின் கையுறையில் பட்டுத் தெறித்தது. ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நிற்பவர்) கில் மெக்டூகல்ட் அதை எடுத்து முதல் பேஸுக்கு எறிந்து, நூலிழையில் அவுட் ஆக்கினார். பந்துக்குப் பந்து குறிக்கும் ஸ்கோர் புத்தகத்தில் மட்டும் அது இடம் பெறும். களத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் உண்டு: மூன்றாவது பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் 6, முதல் பேஸ் 3. ஆகவே அங்கே எழுதியிருப்பது 5-6-3.