ஓட்டுக்குள் அணில் குடிவந்தால்

திருவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்புக்குப் போகும் வழியில், மாந்தோப்புக்கு நடுவில் இருக்கிறது எங்கள் ஓட்டு வீடு. சுற்றிலும் ஆறு சப்பட்டை மா, இரண்டு கொய்யா, ஒரு சப்போட்டா, கிணற்றடியில் ஒரு மாதுளை. முதுகில் மூன்று கோடு போட்ட சிறிய அணில்கள் எங்களுக்கு முன்பிருந்தே அங்கே இருக்கின்றன. பழத்தைக் கடித்துப் போடுவதை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஆனால் கூரைக்குள் கூடு கட்டி, மின்கம்பியின் உறையைக் கொறிக்கத் தொடங்கியபோது சும்மா இருக்க முடியவில்லை.

அப்போது நான் செய்த தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பங்குனி மாதம், கொத்தனாரை வைத்து, முகட்டு ஓட்டுக்குக் கீழே இருந்த சந்தைச் சிமெண்ட் பூசி அடைத்தோம். அன்று மாலை முழுவதும் ஓர் அணில் ஓட்டின்மேல் ஓடி ஓடிக் கத்தியது. இருட்டிய பிறகு உள்ளேயிருந்து மெல்லிய கீச்சொலி கேட்டது. என் கணவர் ஏணி வைத்து ஏறி, காயாத சிமெண்டைப் பெயர்த்து ஓட்டை விலக்கினார். தென்னை நாரும் தலையணைப் பஞ்சும் வைத்துக் கட்டிய கூட்டில், கண் திறக்காத மூன்று குட்டிகள். மறுநாள் காலை தாய் வந்து, ஒவ்வொன்றாக வாயில் கவ்வித் தென்னைமரத்துக்குக் கொண்டு போனது. நாங்கள் கேட்காமல் தூங்கியிருந்தால் அவை அங்கேயே செத்திருக்கும்.

ஆகவே, அடைப்பதற்கு முன் பாருங்கள். செய்தித்தாளைச் சுருட்டிச் சந்தில் தளர்வாகச் செருகி வையுங்கள். இரண்டு மூன்று நாள் அது அப்படியே இருந்தால் அந்த வழியில் போக்குவரத்து இல்லை. வெளியே தள்ளப்பட்டிருந்தால் உள்ளே ஆள் உண்டு. ஓட்டை விலக்கிப் பார்த்து, குட்டிகள் இருந்தால் அவை வளர்ந்து தாமாக வெளியே ஓடித் திரியும்வரை பொறுங்கள். இரண்டரை மாதம்போல ஆகலாம். குட்டி இல்லையென்றால் நண்பகலில் அடையுங்கள். அணில் பகலில் இரைதேடி வெளியே போகும், இரவில் கூட்டில் உறங்கும். மாலையில் அடைத்தால் அதை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும்.

வெறும் சிமெண்ட் பூச்சு நிற்காது, ஓரத்தைக் கொறித்துப் பெயர்த்துவிடும். அணிலின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை, எதையாவது கொறித்துத் தேய்த்தே ஆகவேண்டும். பிளாஸ்டிக் வலையும் மரச்சட்டமும் அதற்கு ஒரு பொருட்டில்லை. அரை அங்குலக் கண்ணுள்ள இரும்புக் கம்பி வலையை வெட்டி, கைமரத்துக்கும் ஓட்டுக்கும் இடையே ஆணி அடித்துப் பொருத்துங்கள். சிறிய ஓட்டைகளில் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை இறுகத் திணித்து, அதன்மேல் சிமெண்ட் பூசலாம். கூரைக்குள் போகும் மின்கம்பிகளை மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு மின்பணியாளரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உறை உரிந்த கம்பிக்குப் பக்கத்தில் காய்ந்த நாரும் பஞ்சும் கிடந்தால் தீப்பிடிக்க ஒரு பொறி போதும். எங்கள் வீட்டில் புதுக் கம்பிகளை இரும்புக் குழாய்க்குள் விட்டு இழுத்தோம்.

பிறகு கிளைகள். கூரையிலிருந்து ஆறு முதல் எட்டடி தூரத்துக்குள் நீளும் கிளையை வெட்டிவிடுங்கள். கழிக்கும் முன் அதில் கூடு இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

பழ விஷயத்தில் எனக்குப் பயன்பட்டது, எந்தப் பழத்தை எப்போது பறிக்க வேண்டும் என்ற கணக்குத்தான். மாங்காயும் சப்போட்டாவும் பறித்த பின்னும் பழுக்கும். காய் முற்றியதுமே பறித்து வைக்கோலில் வைத்துவிட்டால் அணிலுக்கு மிஞ்சுவது கொஞ்சமே. கொய்யாவின் கரும்பச்சை வெளிறத் தொடங்கும்போது பறித்துவிடலாம். மாதுளை அப்படியில்லை, பறித்த பின் அது பழுக்காது, மரத்திலேயே விளைந்தாக வேண்டும். அதனால் ஒவ்வொரு காய்க்கும் பழைய வேட்டித் துணியில் பை தைத்துக் காம்போடு கட்டுகிறேன். காகிதப் பையைக் கடித்துக் கிழித்துவிடுகிறது. துணிப்பையையும் சில சமயம் கிழிக்கும், ஆனாலும் பாதிக்கு மேல் தப்பிவிடுகிறது. உச்சிக்கிளைப் பழங்களை நான் பறிப்பதேயில்லை. அவை அணிலுக்கும் கிளிக்கும்.

மிளகாய்த்தூள் கரைத்துத் தெளிக்கச் சொல்வார்கள். காரம் பாலூட்டிகளுக்கு உறைக்கும், பறவைகளுக்கு உறைக்காது, ஆகவே யோசனை சரிதான். ஆனால் ஒரு மழையில் கழுவிக்கொண்டு போய்விடும்.

சொட்டுநீர்க் குழாயைக் கடிப்பது வேறு கதை. கோடையில் தாகத்தால்தான் அது குழாயைக் கடிக்கிறது. சித்திரை, வைகாசியில் தோப்பின் நான்கு மூலையிலும் அகலமான மண்சட்டியில் தண்ணீர் வைக்கிறேன். தினமும் கழுவி மாற்ற வேண்டும். வைக்கத் தொடங்கிய பிறகு ஒட்டுப்போடும் இடங்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன.

எலி மருந்து மட்டும் வேண்டாம். கை கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். அதைத் தின்று தள்ளாடும் அணிலையும் எலியையும் ஆந்தை பிடிக்கும், பூனை பிடிக்கும், நஞ்சு அவற்றுக்கும் ஏறும். வயல் எலியை இரவெல்லாம் வேட்டையாடும் ஆந்தையைக் கொன்றுவிட்டு அணிலைக் குறை சொல்லி என்ன பயன்? பசை அட்டை அதைவிடக் கொடுமை. கூண்டில் பிடித்து வேறிடத்தில் விடுவதும் எனக்கு உடன்பாடில்லை. பிடிபட்டது தாயாக இருந்தால் குட்டிகள் பட்டினியில் சாகும். காலியான இடத்துக்கு அடுத்த தோப்பு அணில் வந்துவிடும்.

குட்டி ஏதாவது கீழே விழுந்து கிடந்தால், பசும்பால் புகட்டாதீர்கள், அது ஒத்துக்கொள்ளாது. ஆழமில்லாத கூடையில் துணி விரித்து அதில் கிடத்தி, விழுந்த மரத்தடி நிழலில் வையுங்கள். நாயையும் பூனையையும் கட்டிவிட்டு நீங்களும் தள்ளி நில்லுங்கள். பெரும்பாலும் தாய் தேடி வந்துவிடும்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இன்னொன்று. மா காய்க்கும் காலத்தில் மலையடிவாரத் தோப்புகளுக்குச் சாம்பல் நிற மலை அணிலும் வரும். உடம்பும் வாலும் சேர்ந்து இரண்டடிக்கு மேல் நீளும் உயிர் அது. அதற்காகவே 1988-இல் இங்கே சரணாலயம் அமைத்தார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் அதைத் துரத்தவோ பிடிக்கவோ கூடாது. அடிபட்டுக் கிடந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

ஆடிக் காற்றில் ஓடுகள் நகர்ந்து புதுச் சந்துகள் விழும். காற்று ஓய்ந்ததும் ஒருமுறை ஏணி வைத்து ஏறி, செய்தித்தாள் செருகுவதிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.