எல்.கே.ஜி. முதல் மாதம்: காத்து, மஞ்சள், ஜமக்காளம், மாடு

ஜூனில் பள்ளி திறந்த கையோடு நோட்டைக் கொடுத்து நின்ற கோடு, படுத்த கோடு என்று ஆரம்பித்துவிடாதீர்கள். மூன்றரை வயதுப் பிள்ளைக்கு அம்மாவை விட்டு அரை நாள் இருப்பதே பெரிய வேலை. அந்த முதல் மாதத்தை, பிள்ளை வீட்டிலும் தெருவிலும் ஏற்கெனவே பார்த்த, தொட்ட, மோந்த பொருள்களை வைத்தே வாரத்துக்கு ஒரு தலைப்பாக நடத்திவிடலாம். கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் அதற்குப் பஞ்சமே இல்லை.

முதல் வாரத்துக்குக் காத்துதான் சரி. பள்ளி திறக்கிற சமயத்தில்தான் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நம் பக்கம் வந்து வீசுகிறது. அழுகிற பிள்ளையை வகுப்புக்குள் உட்கார வைத்துச் சமாதானம் பண்ணுவதைவிட வெளியே கூட்டிப் போய்க் கையில் ஒரு ஓலைக் காத்தாடியைக் கொடுத்துப் பாருங்கள் (ஈர்க்குச்சி முனையில் ஒரு களிமண் உருண்டை கட்டாயம், கண்ணைக் குத்திவிடும்). அப்புறம் பஞ்சு, காய்ந்த இலை, பாக்குமட்டை, கல் நாலையும் வரிசையாக வைத்து, 'எது பறக்கும் கண்ணு?' என்று முதலில் கேளுங்கள், சொன்ன பிறகு வீசிப் பார்க்கட்டும். சொல்வது தப்பாகப் போனால் திருத்த வேண்டாம், காத்தே சொல்லிவிடும். பல்லடம், உடுமலைப் பக்கத்துப் பிள்ளைகள் தினமும் காற்றாலையைப் பார்த்துக்கொண்டுதான் வருவார்கள், கையை நீட்டிச் சுற்றச் சொன்னால் போதும், உடற்பயிற்சியும் முடிந்தது.

இரண்டாவது வாரம் மஞ்சள். எனக்கு ரொம்பப் பிடித்த வாரம். முதல் நாள் விரலி மஞ்சளை மோந்து பார்க்கட்டும், சொரசொரப்பைத் தடவட்டும், ஈரக் கல்லில் உரசி நிறம் எடுக்கட்டும். அடுத்த நாள் அரை டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் மஞ்சள் தூளைக் கலக்கி, வெள்ளைத் தாளில் முழுக்கப் பூசி வெயிலில் காய வையுங்கள். துணி துவைக்கிற சோப்பைக் கரைத்து, காது குடையும் பட்ஸை அதில் தொட்டு அந்த மஞ்சள் தாளில் கோடு போடச் சொல்லுங்கள். கோடு போட்ட இடம் செக்கச் செவேல் என்று எழும்பும், வகுப்பே கூச்சல் போடும், போடட்டும். சோப்பில் இருக்கிற காரம் (ஆல்கலி) பட்டால் மஞ்சள் சிவக்கும், அவ்வளவுதான் விஷயம், அதை இந்த வயதில் விளக்க வேண்டியதில்லை. சிவந்த கோட்டின் மேல் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் திரும்ப மஞ்சளாகும், அதை மறுநாளைக்கு மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். ஷாம்பு, ஹேண்ட்வாஷ் எல்லாம் வேலைக்கு ஆகாது, துணி சோப்புதான் வேண்டும், முடிந்ததும் எல்லாரையும் கை கழுவ வைத்துவிடுங்கள். நின்ற கோடும் வட்டமும் இந்தத் தாளிலேயே தானாக வந்துவிடும்.

மூன்றாவது வாரம் பவானி ஜமக்காளத்தை விரித்து அதன் மேலேயே உட்கார வையுங்கள். பட்டை பட்டையாக நிறம் மாறி வருவதை விரலால் தொட்டுக்கொண்டே சொல்லட்டும், பிறகு பாட்டில் மூடிகளை அதே வரிசையில் அடுக்கட்டும். காகிதப் பட்டை பின்னுவதை யூ.கே.ஜி.க்கு விட்டுவிடுங்கள், இவர்களுக்கு விரல் அவ்வளவு வளையாது.

கடைசி வாரம் மாடு. காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருந்து, ஆறு மாத வாக்கில் சாம்பல் நிறத்துக்கு மாறும். பிள்ளைகளுக்கு இது பெரிய அதிசயம். ஒரே கன்றின் படத்தை இரண்டு தாளில் கொடுத்து, ஒன்றுக்குச் செம்மண்ணும் இன்னொன்றுக்கு அடுப்புச் சாம்பலும் குழைத்துப் பூசச் சொல்லுங்கள். பக்கத்துத் தோட்டத்தில் கட்டுத்தரை இருந்தால் கேட்டுக்கொண்டு கூட்டிப் போங்கள், ஆனால் புதிதாகக் கன்று போட்ட மாட்டுக்கிட்ட மட்டும் வேண்டாம்.

எந்த வாரமானாலும் புளியங்கொட்டை, மணி, பட்டாணி மாதிரிப் பொடிச் சாமான் இந்த வகுப்புக்கு ஆகாது, மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்வார்கள்.

வெள்ளிக்கிழமை பெற்றோருக்கு ஒரே வரி எழுதி அனுப்புங்கள்: 'திங்கட்கிழமை ஒரு துண்டு விரலி மஞ்சள் கொடுத்தனுப்புங்க.' கொண்டு வராத பிள்ளை கை வெறுமையாக நிற்கக் கூடாது, அதற்கு நாலைந்து துண்டு நீங்களே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.