ஹைட்ரோ கம்பி ஓரத்தில் வீடு: ஓஃபர் போடுமுன் பார்க்க வேண்டியவை

ரொறன்ரோவின் ஸ்காபரோவிலோ பக்கத்து மார்க்கம் நகரிலோ வீடு தேடினால், அக்கம்பக்க விலையைவிடக் கொஞ்சம் இறங்கிய ஒரு வீடு கட்டாயம் கண்ணில் படும். சமையலறை புதிது, பேஸ்மென்டுக்குத் தனி வாசல், பின்வளவுக்கு அப்பால் வேறு வீடே இல்லை. பின் யன்னல் திரையை விலக்கினால் காரணம் தெரியும்: இரும்புக் கோபுரம். ஒன்ராறியோவில் மின்சாரத்துக்கே ஹைட்ரோ என்றுதான் பெயர். கோபுரங்கள் போகும் அகலமான புல்வெளியை ஹைட்ரோ கொரிடோர் என்பார்கள். ஸ்காபரோவைக் குறுக்கறுத்துப் போகும் கற்றினோ கொரிடோர், கியூபெக்கிலிருந்து மின்சாரம் கொண்டுவர 1928 இல் திறந்த பாதை. நோர்த் யோர்க்கில் பிஞ்ச் கொரிடோர் இருக்கிறது.

இப்படிப்பட்ட வீட்டைக் கண்டதும் நம்மவர்கள் இரண்டில் ஒன்று செய்வார்கள். "புற்றுநோய் வரும்" என்று வாசலிலேயே திரும்புவார்கள், அல்லது "விலை நல்லது" என்று அன்றிரவே ஓஃபர் போடுவார்கள். இரண்டும் அவசரம். உடல்நலக் கேள்விக்கு அளந்து பதில் எடுக்கலாம். உண்மையில் கையைச் சுடுவது காணிப் பத்திரமும் வங்கியும்தான்.

எந்தக் கம்பி, எவ்வளவு தூரம்

முதலில் கோபுரத்தை அண்ணாந்து பாருங்கள். கம்பியைத் தாங்கும் தட்டுத் தட்டான இன்சுலேட்டர்களை எண்ணினால் மின்னழுத்தம் ஓரளவு பிடிபடும். 115 கிலோவோல்ட்டுக்கு ஏழெட்டுத் தட்டு, 230க்கு ஏறத்தாழ அதன் இரு மடங்கு, 500க்கு இருபதைத் தாண்டும். ஒரே இடத்தில் நாலு கம்பி கட்டாகத் தொங்கினால் அது 500.

மின்புலம் கிலோவோல்ட்டைப் பொறுத்தது, ஆனால் சுவரும் கூரையும் அதைப் பெருமளவு மறைத்துவிடும். காந்தப்புலம் கம்பியில் ஓடும் மின்னோட்டத்தைப் பொறுத்தது, சுவர் அதைத் தடுக்காது. ஆகவே அளக்க வேண்டியது காந்தப்புலத்தை. அமெரிக்காவில் அளந்த சராசரிகளின்படி, 230 கிலோவோல்ட் கம்பியிலிருந்து 15 மீற்றரில் சுமார் 20 மில்லிகாஸ் (காந்தப்புலத்தை அளக்கும் அலகு), 30 மீற்றரில் 7, 60 மீற்றரில் 2, 90 மீற்றரில் ஒன்றுக்கும் கீழே. 500 கிலோவோல்ட்டுக்கு 30 மீற்றரில் 13, 60 மீற்றரில் 3. உச்சப் பாவனை நேரத்தில் இவை இரட்டிக்கலாம். தூரத்தைக் கோபுரத்தின் நடுவிலிருந்து அளக்காதீர்கள். வீட்டுப் பக்கம் தொங்கும் கடைசிக் கம்பிக்கு நேர் கீழே நின்று, அங்கிருந்து படுக்கையறைச் சுவர் வரை அளக்க வேண்டும்.

இந்த எண்களை எதோடு ஒப்பிடுவது? உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2002 இல் இவ்வகைக் காந்தப்புலத்தை "புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்ற 2பி பிரிவில் சேர்த்தது. சராசரி 3, 4 மில்லிகாஸுக்கு மேலிருந்த வீடுகளில் சிறுவர் இரத்தப் புற்றுநோய் சற்றுக் கூடுதலாகத் தெரிந்ததுதான் அதற்கு அடிப்படை. காந்தப்புலம்தான் காரணம் என்று நிறுவப்படவில்லை. ஹெல்த் கனடா அன்றாட அளவுகளுக்கு முன்னெச்சரிக்கை தேவையில்லை என்கிறது. பொதுமக்களுக்கான சர்வதேச வழிகாட்டு அளவு 2,000 மில்லிகாஸ். எங்கள் கணக்கு எளிது: கம்பிக்கும் வீட்டுக்கும் 60 மீற்றருக்கு மேல் இருந்தால் இந்தக் கவலையை விடுங்கள். 30க்குள் என்றால், குழந்தைகள் படுக்கும் அறையையாவது அளந்துவிட்டு முடிவெடுங்கள்.

அளக்கப் போனில் ஒரு செயலியை இறக்கி ஏமாறாதீர்கள். போனின் உணரி பூமியின் சொந்தக் காந்தப்புலத்தைத்தான் காட்டும். அதுவே 500 மில்லிகாஸ் அளவு வரும், ஆகவே எந்த வீட்டில் பிடித்தாலும் பயமுறுத்தும். மின்கம்பிகளின் 60 ஹேர்ட்ஸ் காந்தப்புலத்தை அளக்கும் மூன்று அச்சுக் காஸ்மீற்றரை வாங்குங்கள், அல்லது இரவல் எடுங்கள். தலையணை உயரத்தில், தலை வைக்கும் இடத்திலேயே பிடியுங்கள். பிறகு வீட்டுக்காரரின் அனுமதியோடு மெயின் பிரேக்கரை நிறுத்திவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். எண் அப்படியே நின்றால் புலம் வெளியிலிருந்து வருகிறது. விழுந்தால் அது வீட்டுக்குள்ளிருந்தே வருகிறது: ஓடும் சாதனம், வயரிங் கோளாறு, அல்லது சுவருக்கு மறுபக்கம் மின்பலகை. பேஸ்மென்ட் அறையில் கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னாலேயே மின்பலகை இருப்பது சாதாரணம். அங்கே கோபுரத்தைவிட அதுதான் கூடுதலாகக் காட்டும், கட்டிலை ஒரு மீற்றர் நகர்த்தினால் சரி. ஞாயிறு காலை அளந்த எண்ணை மட்டும் நம்பாதீர்கள். யூலை மாதம் ஏசி எல்லாம் ஓடும் பின்னேரம் ஐந்து மணிக்கு வேறு எண் வரும்.

மழையிலோ மூடுபனியிலோ ஓர் இரவு போய்ப் பின்வளவில் பத்து நிமிடம் நில்லுங்கள். ஈரத்தில்தான் கம்பி "உஸ்ஸ்" என்று இரையும், 500 கிலோவோல்ட்டில் இன்னும் பலமாக. வெயில் நாளில் வீடு காட்டும்போது அந்தச் சத்தம் இருக்காது.

பத்திரம்

கம்பி காணிக்கு வெளியே ஓடுகிறதா, காணிக்கு மேலாகவா என்பதுதான் பெரிய கேள்வி. வேலிக்கு வெளியே என்றால் அந்த நிலம் பெரும்பாலும் மாகாணத்தின் சொத்து, 2002 இல் கைமாறியது. வேலிக்கு உள்ளே என்றால் உங்கள் உறுதியில் பெரும்பாலும் ஈஸ்மென்ட், அதாவது உங்கள் நிலத்தைப் பாவிக்க மற்றவருக்குள்ள உரிமை, ஏறியிருக்கும். வரி கட்டுவது நீங்கள், ஆனால் அந்தத் துண்டில் நீச்சல்குளம், ஷெட், வீட்டு நீட்சி, உயர்ந்த மரம் எதுவும் பொதுவாக வைக்க முடியாது. ஹைட்ரோக்காரர் லொறியோடு உள்ளே வந்து மரத்தை வெட்டலாம். நிலத்தை யார் வாங்கினாலும் ஈஸ்மென்ட் கூடவே வரும். டைட்டில் இன்சூரன்ஸ் (காணி உரிமைக்கான காப்புறுதி) அதை அழிக்காது.

வழக்கமான ஒன்ராறியோ ஒப்பந்தத்தில், வீட்டுக்குச் சேவை தரும் சிறு ஈஸ்மென்டுகளையும், காணியின் பாவனையைப் பெரிதாகப் பாதிக்காதவற்றையும் வாங்குபவர் ஏற்பதாக ஒரு பிரிவு உண்டு. பின்வளவில் பாதியை விழுங்கும் உயர் அழுத்த ஈஸ்மென்ட் அந்தப் பிரிவுக்குள் அடங்குமா என்று லோயர் வாதாட இடமுண்டு. ஆனால் ஒப்பந்தத்தில் எழுதிய ரெக்விசிஷன் திகதிக்குள் (காணி உரிமை பற்றி ஆட்சேபிக்கக் கடைசி நாள்) எழுத்தில் ஆட்சேபம் போனால்தான். ஆகவே லோயரிடம் "டைட்டில் பாருங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "ஈஸ்மென்ட் ஆவணத்தின் பிரதியும், அது விழும் இடத்தைக் குறித்த சர்வேப் படமும் வேண்டும்" என்று கேளுங்கள். கண்ணுக்குத் தெரியும் கம்பியை விற்பவர் வாயால் சொல்லித் தரவேண்டிய கடமை இல்லை. மீள்விற்பனை வீட்டுக்கு மனம் மாறும் அவகாசமும் கிடையாது, புதிய கொண்டோ வாங்குவோருக்குள்ள 10 நாள் அவகாசம் இதற்குப் பொருந்தாது.

வங்கி

வீட்டின் பெறுமதியைக் கணிக்க வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் கோபுரத்தையும் பார்ப்பார். உதாரணத்துக்கு 900,000 டொலருக்கு ஒப்பந்தம், நீங்கள் முற்பணமாக 20 வீதம் போட்டு 720,000 கடன் எதிர்பார்க்கிறீர்கள். வங்கியின் மதிப்பீடு 860,000 என்று வந்தால், கடன் அதன் 80 வீதம், அதாவது 688,000. மீதி 32,000 டொலரை ரொக்கமாக உங்கள் பையிலிருந்து போடவேண்டும். பைனான்சிங் கண்டிஷன் (கடன் கிடைத்தால்தான் வாங்குவேன் என்ற நிபந்தனை) இல்லாமல் ஓஃபர் போட்டு, இந்தத் தொகை கையில் இல்லையென்றால் டெபாசிட்டே போகலாம். பலர் போட்டி போடும் வீட்டில் ஏஜென்ட் கண்டிஷனை எடுக்கச் சொல்வார். கம்பி ஓர வீட்டுக்கு எடுக்காதீர்கள். போட்டி குறைவான வீடு அது, அந்தக் குறைவே உங்கள் பேரம் பேசும் பலம். நீங்கள் விற்கும் நாளிலும் அதே குறைவு உங்களைத் தேடி வரும் என்பதால், இன்று வாங்கும் விலையிலேயே அதைக் கழித்துவிடுங்கள். ஒப்பிடும்போது அதே கொரிடோரை ஒட்டி விற்ற வீடுகளின் விலையைக் கேளுங்கள், இரண்டு தெரு தள்ளி விற்றவற்றை அல்ல.

குடிபுகுந்த பிறகு

கம்பிக்குச் சமாந்தரமாக ஓடும் நீண்ட உலோக வேலி, தகர ஷெட், பாகற்பந்தலுக்குக் கட்டிய கம்பி ஆகியவற்றில் மின்னேற்றம் சேர்ந்து, தொட்டால் சுள்ளென்று அடிக்கலாம். எலெக்ட்ரீஷியனைக் கொண்டு நிலத்தொடுப்புச் செய்தால் போதும். வேலிக்குக் குழி தோண்டுமுன், நிலத்தடிக் குழாய்களையும் கம்பிகளையும் குறிக்க ஏற்பாடு செய்யும் ஒன்ராறியோ வன் கோலுக்குச் சொல்லுங்கள், சேவை இலவசம், சட்டப்படி கட்டாயமும்கூட. கொரிடோர்களில் எரிபொருள் குழாய்களும் போகும், பிஞ்ச் கொரிடோரில் எண்ணெய்க் குழாய் ஓடுகிறது. கற்றினோ கொரிடோரில் மெடோவே நடைபாதைத் திட்டம் 16 கிலோமீற்றர் நீளம். பிள்ளைகள் சைக்கிள் ஓட அருமையான இடம். ஆனால் தைப்பொங்கல் நினைவில் அங்கே பட்டம் ஏற்றவேண்டாம். ஈர நூலும் மின்சாரம் கடத்தும். பட்டம் கம்பியில் சிக்கினால் இழுக்காமல் நூலை விட்டுவிட்டு விலகி நிற்கச் சொல்லிக் கொடுங்கள்.