குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தொகுதி மறுவரையறை பற்றிப் பேசுவது எப்படி?

மதுரையில் பெரியப்பா, உத்தரப் பிரதேசத்தின் நொய்டாவில் மச்சான். மறுவரையறை, அதாவது மக்கள்தொகைப்படி மக்களவை இடங்களையும் தொகுதி எல்லைகளையும் மாற்றி அமைப்பது. இந்தப் பேச்சை எடுத்தாலே எங்கள் குழுவிலிருந்து யாராவது வெளியேறிவிடுவார்கள். இப்போது ஓரளவு பேச முடிகிறது. நான் செய்தது இதுதான்.

படி 1: கேள்வியை ஒரே வரியில் போடுங்கள். "வடக்கா, தெற்கா" என்று ஆரம்பித்தால் இந்தி, ஜிஎஸ்டி என்று ஊர் சுற்றும். "புதிய மக்கள்தொகைப்படி மக்களவை இடங்களைப் பங்கிடலாமா?" போதும்.

படி 2: இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் தகவல். 1976இன் 42ஆவது அரசியலமைப்புத் திருத்தம், மாநிலங்களுக்கான இடங்களை 1971 கணக்கெடுப்போடு நிறுத்திவைத்தது. 2001இன் 84ஆவது திருத்தம் அதை 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. ஃபார்வர்டு படங்களை நான் தொடுவதே இல்லை. அரசியலமைப்பின் பிடிஎஃப்பில் 81, 82ஆம் பிரிவுகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டுவிடுவேன்.

படி 3: மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். மச்சான் கேட்பார்: "2008லயே மறுவரையறை நடந்துச்சே, என்ன குறைஞ்சுபோச்சு?" கை பரபரக்கும், பொறுங்கள். நடந்தது உண்மை. புதுக்கோட்டை மக்களவைத் தொகுதி மறைந்தது, சிவகாசி போய் விருதுநகர் வந்தது. ஆனால் அது மாநிலத்துக்குள் கோடு மாற்றியது மட்டுமே. தமிழ்நாட்டின் மக்களவை இடங்கள் 39, அப்படியே நின்றன. இடங்கள் குறைந்தது 1967இல்தான், 41 அப்போது 39 ஆனது. முதலில் "நடந்தது சரி" என்று எழுதிவிட்டு, பிறகு இதைச் சொல்லுங்கள்.

அடுத்து, அவர் வாதத்தின் பலமான கணக்கை நீங்களே போடுங்கள். 2011 கணக்கெடுப்பின்படி உத்தரப் பிரதேசத்தில் ஒரு எம்.பி.க்கு ஏறக்குறைய 25 லட்சம் பேர், தமிழ்நாட்டில் பதினெட்டரை லட்சம். "என் ஓட்டுக்கு மதிப்பு கம்மியா?" என்ற அவர் கோபம் அங்கிருந்து வருகிறது. "குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காச் செஞ்சதுக்குத் தண்டனையா?" என்பது பெரியப்பாவின் கோபம்; மக்கள்தொகைப்படி பங்கிட்டால் தமிழ்நாட்டின் பங்கு குறையுமே என்பதுதான் காரணம். இரண்டுமே நியாயம் பற்றிய கேள்விகள், புள்ளிவிவரத்தை அடுக்கி எதையும் தீர்க்க முடியாது. எதை எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்ற பேச்சே அதன் பிறகுதான் தொடங்கும்.

படி 4: வாய்ஸ் நோட் வேண்டாம். எந்த மெசேஜுக்குப் பதிலோ அதை ஸ்வைப் செய்து எழுதுங்கள். பெரியவர்கள் தகவலில் பிழை இருந்தால் தனி மெசேஜில் சொல்லுங்கள்.

பிற்சேர்க்கை: "எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்று அட்டவணை அனுப்புகிறார்களே?" என்று கமெண்டில் பலர் கேட்டிருந்தீர்கள். மக்களவையின் மொத்த இடங்களை 543 என்றே வைத்தா, கூட்டியா கணக்குப் போட்டார்கள் என்று மட்டும் கேளுங்கள். அதற்குப் பதில் வராவிட்டால் அந்த அட்டவணையை விட்டுவிடலாம்.